மூட்டை இருந்த இடம்

எங்கள் வீட்டு வராண்டாவில் பாத்திரம் துடைக்கிற துணிகளைக் காயப்போட ஒரு இரும்புக் கம்பிச் சட்டம் இருக்கிறது. ஏதோ பழைய ஜன்னலில் இருந்து கழற்றியது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருக்களித்து உட்காரும் பெண்களின் புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க மாட்டுவார்களே, அந்தப் புடவை கார்டு. எங்களிடம் மோட்டார் சைக்கிள் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்புறம் இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

என் வீட்டுக்காரர் பெயர் கன்னியப்பன். தியாகராய நகரில் ஜவஹர் அண்ணாச்சியின் புடவைக் கடையில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த அடையாற்றுக் கரைதான். அவருடைய அப்பா கைவண்டி இழுத்தவர். இவர் பதினாறு வயதிலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதித்தவர். தானாக ஓடுகிற வண்டி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை. உடம்பைக் கொடுத்தால்தான் எதுவும் நகரும். பேச்சும் அப்படித்தான். நாம் தள்ளினால்தான் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வெளியே வரும். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அவர் பேசியது ஒன்றே ஒன்று. "ஃபேன் காத்து உனுக்கு வர்லியா?" அதற்கே நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நான் தேவானை. பத்தாவது வரைக்கும் படித்தவள். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அண்ணாச்சி கடைப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பது என் வேலை. புடவையின் கீழ்க்கரையில் உள்பக்கமாக ஒரு பட்டைத் துணியை வைத்து, வெளியே நூல் தெரியாமல் கையால் தைக்க வேண்டும். நானும் கீழ்வீட்டு அமீனா பீயும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து தைப்போம். தைத்து முடித்ததை மூட்டையாகக் கட்டி வைத்தால் காலையில் என் வீட்டுக்காரர் கடைக்குக் கொண்டுபோவார். சாயந்திரம் தைக்காத மூட்டையோடு வருவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இந்தக் கதையில் பேசப் போவதில்லை.

கல்யாணமான இரண்டாவது வருஷம் ஒருநாள், மாம்பலம் ஸ்டேஷனில் எடை பார்க்கிற மெஷின் மேல் என்னை ஏற்றி நிறுத்தினார். கலர் பல்பெல்லாம் எரிந்து, உள்ளே சக்கரம் சுற்றி, ஒரு அட்டை டிக்கெட் விழுந்தது. ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். நாற்பத்திரண்டு கிலோ. மறுபக்கத்தில் "வாகன யோகம் உண்டு" என்று போட்டிருந்தது. "மீன்பாடி வண்டிய சொல்லுதுபோல கீது" என்றேன். அவர் சிரித்துவிட்டு டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தொண்ணூற்று நாலில் அண்ணாச்சி தன் மகன் அஸ்வினுக்கு ஒரு ஷோகன் பைக் வாங்கிக் கொடுத்தார். கறுப்பும் சிவப்புமாக, முறுக்கினால் பாய்கிற வண்டி. காலேஜ் பையன்கள் அதற்கு உயிரை விடுவார்கள். அஸ்வின் பெசன்ட் நகர் பீச் ரோட்டில் அதை வைத்து வீலிங் பழகினான். முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்திலேயே ஓட்டுவதற்குப் பெயர் வீலிங். இரண்டாவது மாதமே விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். அண்ணாச்சி மகனை அடிக்கவில்லை. கோயம்புத்தூர்க் காலேஜ் ஒன்றில் சேர்த்து ஹாஸ்டலில் போட்டார். வண்டியை விற்கவும் இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு அனுப்பி, சீட்டின் பின்பாதியை மறைத்து, பின் சக்கரத்துக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பெரிய இரும்புக் கேரியரை வெல்டிங் வைத்துவிட்டார்.

"மூணு வருசம் படிச்சு முடிச்சிட்டு வரட்டும், கேரியர வெட்டிட்டு வண்டிய அவன் கையில குடுத்திருதேன். அதுவரைக்கும் சும்மா நிக்கப்படாது. சோலி பாக்கட்டும்" என்று கடையில் எல்லார் முன்னாலும் சொல்லி, சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "கன்னியப்பா, மூட்டைய ஏத்து. ஆள ஏத்தப்படாது, கேட்டியா?"

வண்டி வந்த அன்று சாயந்திரம் நான் தலைவாரி, பூ வைத்து, புடவையை நன்றாகப் பின் குத்திக்கொண்டு கீழே இறங்கினேன். அண்ணாச்சி போட்ட கட்டளை எனக்கு அப்போது தெரியாது. வண்டியில் எனக்கு உட்கார இடமில்லை. அங்கே மூட்டை உட்கார்ந்திருந்தது. "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டார். "பால் வாங்க" என்று சொல்லிவிட்டு, பால் வாங்கப் போனேன்.

பத்து நாள் இருக்கும். ஒரு சாயந்திரம் வேலையிலிருந்து வந்தவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். டீ மேல் ஆடை கட்டிவிட்டது.

"தூக்கிடுச்சி, தேவானை."

"எத?"

"முன் வீல. ஆத்து பிரிட்ஜு ஏத்தத்துல மாடு குறுக்க வந்துச்சி. நிறுத்தி, திருப்பி எடுக்கச்சொல்ல கிளச்ச படக்குனு விட்டுட்டேன். வண்டி தானா எய்ந்துச்சி."

"விழுந்தியா?"

"விழல." மறுபடியும் சொன்னார். "தானா எய்ந்துச்சி."

பின்னால் நூறு புடவை, கிட்டத்தட்ட எழுபது கிலோ. அதுவும் சக்கரத்துக்கு வெளியே தொங்குகிற கேரியரில். முன்பக்கம் எழாமல் என்ன செய்யும்? மகன் வீலிங் பண்ணக்கூடாது என்று அண்ணாச்சி வைத்த கேரியர், வண்டியை வீலிங்குக்கே தயார் பண்ணி வைத்திருந்தது. அது அவருக்குக் கடைசிவரை தெரியாது. நான் மட்டும் அன்றைக்குக் கத்தித் தீர்த்தேன். கை கால் போனால் யார் பார்ப்பது, கேரியர் வளைந்தால் அண்ணாச்சிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் சரி என்றார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் தினமும் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார். சாப்பிட உட்கார்ந்ததும், "நூறு ஆயிடுச்சா?" எண்பது என்றால் முகம் சுருங்கும். நூறு என்றால் இன்னொரு கை சோறு கேட்பார். என் வேலை மேல் இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பூரிப்பு. அதற்காகவே கண் எரிய எரிய உட்கார்ந்து நூறை முடிப்பேன். அமீனா பீ கேலி செய்வார். "புருசன் கேக்குறாருன்னு ஊசிய இப்பிடிப் புடிச்சிக்கினு கீறியே."

அந்த அமீனா பீதான் ஒருநாள் ராயப்பேட்டைக்குப் போய்விட்டு வந்தவர், புர்காவைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி வந்தார்.

"தேவானை, உன் ஊட்டுக்காரர பஸ்லேர்ந்து பாத்தேன். பிரிட்ஜு மேல குதுர மாதிரி வண்டிய நிமித்திக்கினு போறாரு. பஸ்ஸே எய்ந்து பாக்குது."

எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. நூறு ஆயிடுச்சா என்று அவர் ஏன் கேட்டார் என்பது அந்த நிமிஷம் புரிந்தது. நான் தைத்ததெல்லாம் அவருக்கு எடை. எடை குறைந்தால் சக்கரம் எழாது; அதுதான் அந்த அக்கறை.

மறுநாள் காலை அவர் கிளம்பிய பிறகு, கொத்தமல்லி வாங்கப் போகிறேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு குறுக்கு வழியாகப் பாலத்துக்குப் போனேன். எட்டு மணி இருக்கும். இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றேன். வழியில் காற்றடித்துக்கொண்டு வந்தாரோ என்னவோ, எனக்குப் பிறகுதான் வந்தார். ஏற்றத்தின் அடியில் நிறுத்தினார். திரும்பி மூட்டைக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். வலது பாதத்தைப் பின் பிரேக் மேல் வைத்தார். உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, முறுக்கி, இடது கை விரல்களை விட்டார். முன் சக்கரம் முழங்கால் உயரம் எழுந்தது, அப்புறம் இடுப்பு உயரம். அப்படியே இரண்டு விளக்குக் கம்ப தூரம் போனார். பிறகு பிரேக்கை லேசாக மிதித்து, தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுகிற மாதிரி சக்கரத்தைத் தரையில் விட்டார்.

நான் பார்த்தது சக்கரத்தை அல்ல, அவர் முகத்தை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண் ரோட்டில் இல்லை, ரோட்டுக்கு மேலே எங்கேயோ இருந்தது. தாலி கட்டுகிறபோதுகூட அந்த முகம் இல்லை. அன்றைக்கு அவர் வெறுமனே வியர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் மேல் வரவில்லை, அந்த மூட்டை மேல் வந்தது. அந்த முகத்தோடு அவர் போகும்போது, பின்னால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நகை நட்டு, வீடு வாசல் எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை. கொத்தமல்லி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அன்றிலிருந்து மூட்டைக் கயிற்றை நானே இழுத்துக் கட்டினேன், சரியாதபடிக்கு. எண்பதில் நின்றுவிட்டால் கடைசி இருபதை அமீனா பீயோடு சண்டை போட்டாவது முடித்துவிடுவேன். "என்னையும் ஒரு தபா கூட்டிக்கினு போ" என்று நானாகக் கேட்டிருக்கலாம். அவராகக் கேட்கட்டும் என்று இருந்தேன். பேசாத மனிதன் என்று தெரிந்தும், அவர் வாயிலிருந்து வரட்டும் என்று மூன்று வருஷம் காத்திருந்தேன். யாருடைய பிடிவாதம் பெரியது என்று பார்த்தால் என்னுடையதுதான்.

நடுவில் ஒரு லீவில் அஸ்வின் வந்திருந்தான். கடைக் கொல்லையில் தன் வண்டியைப் பார்த்து, கேரியரைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினானாம். என் வீட்டுக்காரர் அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பையன் சிரித்தானாம். "மூட்டையோட தூக்கினா கணக்கில்லண்ணே. வெறும் வண்டியில தூக்கணும். அதான் வீலிங்" என்றானாம். இதை அவர் என்னிடம் சொன்னது சோற்றில் ரசத்தைப் பிசைந்துகொண்டே. சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தபடி, "வெறும் வண்டியில ஒரே ஒரு தபா" என்றார். அவர் ஆசைப்பட்டு எதையாவது சொல்லி நான் கேட்டது அதுதான். வண்டி எப்போது வெறும் வண்டியாகும்? கேரியரை வெட்டுகிற அன்றைக்குத்தான். அன்றைக்கே அதை அஸ்வினிடம் கொடுத்துவிடவும் வேண்டும்.

அந்த நாள் தொண்ணூற்றேழு ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அஸ்வின் படிப்பு முடிந்து சாயந்திர ரயிலில் வருகிறான். காலையிலேயே என் வீட்டுக்காரர் வண்டியை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஆறு மணிக்குள் அண்ணாச்சி வீட்டில் விட வேண்டும். நான் தைக்க உட்கார்ந்தேன். தையல் ஓடவில்லை. பட்டறை இருக்கிற எஸ்டேட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாகத்தான் இருக்கும், தூக்கியிருப்பாரா, விழுந்திருப்பாரா என்று அதே நினைப்பு.

நாலு மணிக்குக் கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

"தேவானை, கொஞ்சம் கீய வா."

வாயில் ஊசியோடு வராண்டாவில் வந்து எட்டிப் பார்த்தேன். கேரியர் இல்லாமல் வண்டி சின்னதாகத் தெரிந்தது. சீட்டு முழுதாக இருந்தது. மூன்று வருஷமாக வெயில் படாத பின்பாதி மட்டும் புதுசாகப் பளபளத்தது. சுற்றிலும் குழாயடியில் பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா, தூக்குச்சா?" ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "நாலு தபா பாத்துட்டேன். எய்ந்துக்கல." கைப்பிடியை ஒரு தடவை துடைத்தார். பிறகு, "பின்னாடி வெயிட்டு இல்ல. நீ வந்து குந்து. பிரிட்ஜு வரிக்கும் போய்ட்டு வர்லாம்" என்றார்.

மூன்று வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் எப்படி வந்தது பாருங்கள். வெயிட்டு இல்லை, நீ வந்து குந்து. எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது.

"மூணு வருசமா மூட்ட குந்திச்சி. இன்னிக்கி மூட்ட இல்லன்னு நானா? நான் இன்னா உனுக்கு எடக்கல்லா? போய்யா, எனுக்கு நாப்பது பொடவ கீது."

குழாயடியில் யாரோ சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. சரி என்று தலையாட்டினார், எப்போதும் போல. கிக்கரை உதைத்தார். போய்விட்டார்.

அமீனா பீ கீழேயிருந்து கத்தினார். "அடியே, வண்டியில பொடவ கார்டு மாட்டிக்கினு வந்தாரே, பாக்கல நீ? உனுக்குன்னு கால் வெக்கிற கம்பியும் போட்டுக்கினு வந்தாரே."

மேலேயிருந்து எனக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. காலேஜ் பையன் வண்டியில் புடவை கார்டு இருக்காது. வாங்கிய அன்றே கழற்றிப் போடுவார்கள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் திருப்பிக் கொடுக்கப் போகிற வண்டிக்கு, பட்டறையில் பழைய சாமான் குவியலில் தேடிப் பொறுக்கி ஒரு மனிதன் அதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆளை ஏற்றினால் அண்ணாச்சி வேலையை விட்டே நிறுத்திவிடுவார் என்று தெரிந்தும் வந்திருக்கிறார். நான் செருப்புகூடப் போடாமல், கழுத்தில் நூலோடு படியிறங்கிப் பாலம் வரைக்கும் ஓடினேன். தார் ரோடு பாதத்தைச் சுட்டது. பாலத்தில் பஸ் போனது, சைக்கிள் போனது. ஷோகன் இல்லை. அங்கேயே இருட்டும்வரை நிற்கலாம் என்று இருந்தது. இளநீர்க்காரர் உற்றுப் பார்க்க ஆரம்பித்ததும் திரும்பிவிட்டேன்.

ஏழு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். கையில் பேப்பர் சுற்றிய ஒரு நீளமான சாமான். அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். கால் கம்பி அஸ்வினுக்குத் தேவைப்படும் என்று விட்டுவிட்டாராம். கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது, "ரசம் சூடு பண்ணட்டுமா" என்றுதான் வெளியே விழுந்தது. மறுநாள் பேப்பரைப் பிரித்து, கார்டை வராண்டாவில் கம்பியோடு கட்டித் துணி காயப்போட்டேன். அவர் பார்த்தார்.

அதற்குப் பிறகு கடைக்கு வேன் வந்துவிட்டது. அதை ஓட்ட வேறு ஆள். இவரைக் குடோனில் போட்டார்கள். மோட்டார் சைக்கிளை அவர் மறுபடி தொடவில்லை. நான் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். நூறு ஆயிடுச்சா என்று கேட்க ஆளில்லாமல் தைத்தேன். அந்தக் கேள்விக்குக்கூட ஏங்குவேன் என்று யார் நினைத்தது?

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம், நந்தனம் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். ஒரு பையன் புது பைக்கில் சிக்னலைத் தாண்டியதும் முன் சக்கரத்தைத் தூக்கினான். கொஞ்ச தூரம் போவதற்குள் தொப்பென்று விழுந்தது சக்கரம். நின்றிருந்தவர்கள் எல்லாரும் அவனைத் திட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அவன் மறைகிறவரை பார்த்துவிட்டு, "கிளச்ச சீக்கிரமா வுட்டுட்டான்" என்றார்.

இவ்வளவு நாள் கேட்காததை அப்போது கேட்டேன். "அன்னிக்கி நான் குந்தியிருந்தா தூக்கியிருக்குமாய்யா?"

அவர் சிரித்தார். "எங்க? உன் வெயிட்டு நாப்பத்திரெண்டு. நூறு பொடவ, கேரியரு எல்லாம் இருந்தாத்தான் அது எய்ந்துக்கும். உன்ன வெச்சிக்கினு எப்பிடித் தூக்கும்?"

"அது தெரிஞ்சிதான் கூப்ட்டியா?"

"தெரியாமயா? டிக்கிட்டு எங்கிட்டதான கீது."

"அப்புறம் எதுக்குய்யா வெயிட்டு வேணும்னு சொன்ன?"

அவர் ரோட்டைப் பார்த்தார். பதில் வராது என்று நினைத்தேன். வந்தது. "சும்மா ஒரு ரவுண்டு போலாம் வான்னு, அத்தினி பேரு முன்னால எப்பிடிக் கூப்புடறது? எனுக்கு வர்ல."

பஸ் வந்தது. மத்தியானம் என்பதால் காலியாக இருந்தது. அவர் வலது பக்கம், ஆண்கள் உட்காருகிற வரிசையில், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். நான் பெண்கள் பக்கம் போகவில்லை. அவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "லேடீஸ் சீட்டு அந்தப் பக்கம் காலியா கீதேம்மா" என்றார்.

"இருக்கட்டும், நான் இங்கயே குந்திக்கறேன்" என்றேன்.

பஸ் பாலத்து ஏற்றத்தில் ஏறும்போது கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டூர்புரம் ஸ்டாப் வரும்வரை நானும் கையை எடுக்கவில்லை.